குளம்புப் பள்ளத்தில் ஃபார்மலின் விடலாமா?

கடிவாளம் — ஜூன் 3, காலை 6.50

என் குதிரைக்கு முன்கால் குளம்பில் த்ரஷ், அதாவது குளம்பு அழுகல். ஃப்ராக் (குளம்பின் அடியில் இருக்கும் முக்கோண மெத்தை) ஓரப் பள்ளங்களில் கறுப்பாகக் கசிகிறது, நாற்றம் தாங்கவில்லை. ஃபார்மலினும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து பஞ்சில் நனைத்து ராத்திரி முழுக்க அடைத்து வைத்தால் காலையில் நாற்றம் இருக்காது என்றார்கள். நேற்று ராத்திரி அப்படியே அடைத்தேன். நாற்றம் நிஜமாகவே போய்விட்டது. மாட்டுப் பண்ணைகளில் குளம்புக் குளியலுக்கு ஃபார்மலின்தானே ஊற்றுகிறார்கள்? அப்புறம் ஏன் குதிரைக்கு ஆகாது என்கிறார்கள்? என் கணக்கில் இது வீண் பயம்.

லாடம் — ஜூன் 3, காலை 7.10

மற்றதைப் பிறகு பேசலாம். முதலில் அந்தப் பஞ்சை எடுங்கள். வெறுங்கையால் வேண்டாம், நைட்ரில் கையுறை போட்டு, இடுக்கியால் எடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைப் பள்ளத்துக்குள் பத்து நிமிடமாவது மெல்ல ஓட விடுங்கள். குதிமேட்டுத் தோலையும் அதற்கு மேலே கணுக்கால் மடிப்பையும் சேர்த்துக் கழுவ வேண்டும். ராத்திரி அங்கே வழிந்திருக்கும். தோல் சிவந்தோ வீங்கியோ இருந்தால், கால் வைக்கத் தயங்கினால், இன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பஞ்சை லாயத்துக் குப்பையில் போடாதீர்கள். மூடி இறுகும் டப்பாவில் போட்டு வையுங்கள்.

லாடம் — ஜூன் 3, காலை 7.45

இப்போது காரணம்.

ஃபார்மலினுக்கு இருக்கிற வேலையே புரதத்தைப் பிணைத்து இறுக்குவதுதான். ஆய்வுக்கூடத்தில் உடல் பகுதிகளை அதில் போட்டு வைப்பதும் அதனால்தான். குளம்பில் விட்டால் கிருமியும் சாகும், அதைச் சுற்றியிருக்கிற கெரட்டினும் (குளம்பு உருவாகியிருக்கும் புரதம்) இறுகும். வெளிக் குளம்பு செத்த பொருள், அது இறுகினால் என்ன என்று தோன்றலாம். ஃப்ராக்கின் நிலை வேறு. குளம்புச் சுவரில் ஈரம் சுமார் 25 விழுக்காடு, ஃப்ராக்கில் சுமார் 50. அது மெத்தென்று அமுங்கி விரிய வேண்டிய உறுப்பு. அதற்கு அடியிலேயே ரத்தமும் நரம்பும் ஓடும் கோரியம் இருக்கிறது. புதுக் கெரட்டின் அங்கிருந்துதான் வருகிறது. த்ரஷ் ஆழமாக அரித்த பள்ளத்தில் கோரியத்துக்கு மேலே மூடுதலே இல்லாமல் போயிருக்கும். அங்கே ஃபார்மலின் பட்டால் உயிருள்ள திசு சாகிறது.

நாற்றம் போனது எப்படி என்றால், மேலிருந்த அழுகல் இறுகித் தோல்போல ஒரு படலமாகிவிட்டது. த்ரஷில் முக்கியப் பங்கு வகிக்கும் ஃபூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் காற்று இல்லாத இடத்தில் வளர்கிற கிருமி. மேலே படலம் போட்டு மூடினால் அடியில் அதற்கு வசதியான அறை கிடைக்கிறது. சில நாள் கழித்துப் படலம் வெடிக்கும்போது பள்ளம் முன்பைவிட ஆழமாக இருக்கும். ஃபார்மலின் போட்டது முதலில் கேட்டது, பிறகு கேட்கவில்லை என்று பலரும் சொல்வது இதனால்தான்.

மாட்டுக் குளியலைப் பற்றி. அங்கே ஊற்றுவது 3 முதல் 5 விழுக்காட்டு ஃபார்மலின் கரைசல். மாடு அதில் நடந்து போவது சில நொடி, அதன்பின் காலில் ஒட்டியது காய்ந்துவிடும். அங்கேயும் புண் திறந்திருக்கும் மாட்டை இறக்கக் கூடாது என்பதுதான் முறை. நீங்கள் வைத்தது அதைவிடப் பத்து மடங்குக்குக் குறையாத கரைசல், எட்டு மணி நேரம், மூடிய பள்ளத்துக்குள். பெயர் ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் பொருத்தமில்லை.

மருந்தறை — ஜூன் 3, மதியம் 1.15

எண் விஷயத்தில் ஒரு திருத்தம், ஏனென்றால் இதில் எல்லோரும் வழுக்குகிறார்கள். கடையில் கிடைக்கும் ஃபார்மலின் என்பதே ஏறக்குறைய 37 விழுக்காட்டு ஃபார்மால்டிஹைடு கரைசல். "10 விழுக்காட்டு ஃபார்மலின்" என்றால் 1 பங்கு ஃபார்மலின், 9 பங்கு தண்ணீர். அதில் ஃபார்மால்டிஹைடு 4 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. 5 விழுக்காட்டுக் குளியல் என்றால் 2 விழுக்காடுகூட இல்லை. பாதிக்குப் பாதி கலந்தால் 18 விழுக்காட்டுக்கு மேல். லேபிளில் எந்த எண் இருக்கிறது என்று பார்க்காமல் "10" என்று கேட்டுவிட்டுக் கலப்பவர்கள் இருமடங்கும் மும்மடங்கும் தவறுகிறார்கள்.

இன்னொன்று. புட்டியில் 10 முதல் 15 விழுக்காடு மெத்தனால் சேர்த்திருப்பார்கள், ஃபார்மால்டிஹைடு திரண்டு படியாமல் இருக்க. மெத்தனால் தோல் வழியாகவும் உறிஞ்சப்படும், தீப்பிடிக்கும். குளிரில் வைத்த பழைய புட்டியில் வெள்ளையாக அடியில் படிந்தால் அது பாராஃபார்மால்டிஹைடு. குலுக்கிக் கரைக்கவோ சூடுபண்ணிக் கரைக்கவோ முயலாதீர்கள். சூட்டில் எழும் ஆவிதான் முதல் ஆபத்து.

லாடம் — ஜூன் 3, இரவு 9.05

திருத்தம் சரி. காலையில் "பத்து மடங்கு" என்று எழுதினேன். 5 விழுக்காட்டுக் குளியலோடு ஒப்பிட்டால் அது பொருந்தும், 3 விழுக்காட்டோடு ஒப்பிட்டால் பதினாறு மடங்குக்கும் மேல்.

ஆளுக்கு வரும் ஆபத்தைக் காலையில் எழுதவில்லை. குளம்பைத் தொடைக்கிடையில் பிடித்துக் குனிந்தால் நம் முகத்துக்கும் ஃப்ராக்குக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. ஃபார்மால்டிஹைடு ஆவி நேரே கண்ணுக்கும் மூக்குக்கும் வருகிறது. 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் வைத்தது. அமெரிக்கத் தொழிலிட விதியில் எல்லை 8 மணி நேரச் சராசரிக்கு 0.75 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு), 15 நிமிடத்துக்கு 2 பிபிஎம். மூடிய லாயத்தில் திறந்த கிண்ணத்தில் ஊற்றி வைத்து வேலை செய்தால் இந்த எல்லையை மூக்கால் கணிக்க முடியாது. மூக்கு சிறிது நேரத்தில் மரத்துவிடும். "முதலில் எரிந்தது, பிறகு பழகிவிட்டது" என்றால் ஆவி குறைந்தது என்று பொருளல்ல.

துணி முகமூடியும் தூசி முகமூடியும் வாயுவைத் தடுக்காது. சாதாரணக் கரிமக் கரைப்பான் வடிகட்டியும் போதாது, ஃபார்மால்டிஹைடுக்கு என்று குறித்த வடிகட்டி வேண்டும். அப்படி ஒரு முகமூடி வாங்கிப் போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலையா இது என்று யோசித்தால், குளம்புக்கு இதைத் தவிர்த்துவிடலாம் என்ற இடத்துக்குத்தான் வருவோம்.

கூடவே தோல். திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும். வந்த பிறகு மிகச் சிறிய அளவே கொப்புளம் கிளப்பும். லாடம் அடிப்பவர்களின் கை விரல் இடுக்குகளில் ஆறாத வெடிப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

கடிவாளம் — ஜூன் 4, காலை 6.20

பஞ்சை எடுத்துக் கழுவிவிட்டேன். குதிமேட்டில் ஒரு பக்கம் தோல் வெளுத்திருக்கிறது. மருத்துவர் மாலையில் வருகிறார். ஃபார்மலினை விட்டுவிடுகிறேன். அப்படியானால் பிளீச்? ஹைட்ரஜன் பெராக்சைடு? அயோடின்? வீட்டில் இருப்பதில் எது சரி?

லாடம் — ஜூன் 4, காலை 8.30

மூன்றும் ஒன்றல்ல, தனித்தனியாகச் சொல்கிறேன்.

பிளீச். வீட்டு பிளீச்சில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 முதல் 6 விழுக்காடு, பிஎச் 11க்கு மேல். அந்தக் காரம் கெரட்டினையே கரைக்கும். ஃப்ராக் வழுவழுவென்று ஆகிறதே, அது சுத்தமானதால் அல்ல, மேல் செல்கள் கரைவதால். அதோடு அழுக்கும் சாணமும் பட்ட உடனே குளோரின் அங்கேயே செலவாகிவிடும், ஆழத்துக்குப் போவது மிகக் குறைவு. ஆக மேலே இருக்கும் நல்லதை அரித்துவிட்டு கீழே இருக்கும் கெட்டதைத் தொடுவதில்லை. காயத்துக்கு டேக்கின் கரைசல் என்று முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து பயன்படுத்துகிறார்களே என்பார்கள். அது 0.5 விழுக்காட்டுக்கு நீர்த்தது, காரமும் குறைக்கப்பட்டது. புட்டியிலிருந்து நேரே ஊற்றுவது அதுவல்ல.

லாயத்தில் பிளீச்சுக்கு இன்னொரு பெரிய குறை உண்டு. மூத்திரம் ஊறிய படுக்கையில் அம்மோனியா இருக்கிறது. அதில் பிளீச் வழிந்தால் குளோரமின் ஆவி கிளம்பும். அதே குளம்பை முந்தின நாள் வினிகரில் ஊற வைத்திருந்தால் குளோரின் வாயுவே வரும். இரண்டும் நுரையீரலைச் சுடும். குதிரையின் தலை உயரத்தில் காற்றோட்டம் இருந்தாலும், குனிந்திருக்கும் ஆளின் மூக்கு தரையருகே இருக்கிறது. குளோரின் காற்றைவிடக் கனமானது.

ஹைட்ரஜன் பெராக்சைடு. 3 விழுக்காட்டுப் புட்டியை ஒருமுறை மேலோட்டமாக ஊற்றி அழுக்கைக் கிளப்பினால் பெரிய கேடில்லை. தினமும் ஊற்றினால் புதிதாக வளரும் செல்களும் சாகும், ஆறுவது தள்ளிப்போகும். நுரை பொங்குவதைப் பார்த்து "கிருமி சாகிறது" என்று மகிழ்பவர்கள் கவனிக்க: ரத்தத்திலும் நல்ல திசுவிலும் உள்ள கேட்டலேஸ் நொதி பட்டாலே நுரைக்கும். நுரை நோய்க்கு அடையாளமல்ல. ஆணி குத்திய குறுகிய துளைக்குள் சிரிஞ்சால் அடிக்கவே கூடாது. வாயு வெளியேற வழியில்லாமல் திசுக்குள் புகும், ரத்தக் குழாயிலும் ஏறலாம். 35 விழுக்காட்டுப் புட்டி என்று ஒன்று தொழிற்சாலைக்கு விற்கிறார்கள். அது தோலில் பட்டாலே வெண்புண், பஞ்சில் ஊறினால் தீப்பிடிக்கும் அபாயம். லாயத்துக்குள்ளேயே வர வேண்டாம்.

அயோடின். மூன்றில் இதுதான் சரிப்படக்கூடியது, ஆனால் எந்த அயோடின் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 7 விழுக்காட்டு டிங்ச்சர் தோலைச் சுடும். பொவிடோன் அயோடின் 10 விழுக்காடு அதைவிட வலுவானது போலத் தோன்றினாலும் மென்மையானது.

மருந்தறை — ஜூன் 4, காலை 10.40

கடைசி வரியை விரித்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புதிதாகப் படிப்பவருக்குப் புரியாது. டிங்ச்சரில் 7 என்பது அயோடினின் அளவு, அதுவும் ஆல்கஹாலில். பொவிடோனில் 10 என்பது அயோடினைப் பிடித்து வைத்திருக்கும் பாலிமரையும் சேர்த்த எடை. கிடைக்கும் அயோடின் 1 விழுக்காடுதான். அதை இன்னும் நீர்க்கவைத்தால் வேலை குறையும் என்று நினைப்பீர்கள், ஓர் எல்லை வரை கூடுகிறது. பாலிமர் பிடி தளர்ந்து அயோடின் விடுபடுவதால் 0.1 முதல் 1 விழுக்காடு வரையிலான கரைசல் கெட்டிக் கரைசலைவிட வேகமாகக் கிருமியைக் கொல்லும். 10 விழுக்காட்டுப் புட்டியிலிருந்து 0.5 விழுக்காடு வேண்டுமானால் 50 மி.லி. எடுத்து 950 மி.லி. தண்ணீரில். நிறம் கெட்டித் தேநீர் வடிநீர்போல இருக்கும். அந்த நிறம் வெளிறினால் அயோடின் தீர்ந்துவிட்டது, புதிதாகக் கலக்க வேண்டும். கலந்ததை அன்றே பயன்படுத்துங்கள்.

அயோடினோடு சேரக் கூடாதவை மூன்று.

டர்பன்டைன். குளம்பு வெடிப்பில் அயோடின் படிகத்தைத் தூவி மேலே டர்பன்டைன் விடுவது பழைய வழக்கம். ஊதாப் புகை கிளம்பும், அதைப் பார்த்து வேலை செய்கிறது என்பார்கள். வேலை செய்வது வெப்பம். பல நொடிக்குள் சூடு ஏறி, வெடிப்பின் அடியில் இருக்கும் லாமினாவை (குளம்புச் சுவரை உள்ளே பிணைத்து வைக்கும் உயிருள்ள அடுக்கு) வேகவைத்துவிடும். ஊதா ஆவி மூச்சுக்குழாயை எரிக்கும். சிலசமயம் தீயே பிடிக்கிறது.

அம்மோனியா. அயோடினும் அம்மோனியாவும் சேர்ந்து உலர்ந்தால் தொட்டாலே வெடிக்கும் பொருள் உண்டாகும். எனவே அம்மோனியா உள்ள துப்புரவுத் திரவங்களை அயோடின் வைக்கும் தட்டில் வைக்காதீர்கள்.

டிஎம்எஸ்ஓ, அதாவது டைமெத்தில் சல்பாக்சைடு என்ற கரைப்பான். இது விஷமென்று அல்ல, எதைக் கலக்கிறோமோ அதைத் தோலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். அயோடினோடோ வேறு எதனோடோ கலந்து பூசுவது மருத்துவர் சொல்லாமல் கூடாது. கையுறையில்லாத உங்கள் கைக்கும் அதே கதி.

லாடம் — ஜூன் 4, காலை 11.00

"பல நொடிக்குள்" என்பது "சில நொடிக்குள்" என்றிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மருந்தறை — ஜூன் 4, காலை 11.20

ஆமாம், சில நொடி. எழுத்துப் பிழை.

பொட்டாசியம் பர்மாங்கனேட்டையும் சொல்லாமல் விட்டேன். கால் கழுவ அதைக் கலப்பவர்கள் உண்டு. ஃபார்மலினோடு சேர்ந்தால் கொதித்து ஃபார்மால்டிஹைடு வாயுவைக் கக்கும், கட்டடங்களைப் புகையூட்ட இந்த வினையைத்தான் பயன்படுத்துகிறார்கள். கிளிசரின் கலந்த குளம்புக் களிம்பின் மேல் பர்மாங்கனேட் தூள் விழுந்தால் தானாகத் தீப்பிடிக்கக்கூடும். வைக்கோல் மேல் நின்றுகொண்டு இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

வைக்கோல்கட்டு — ஜூன் 4, இரவு 8.10

ஃபினாயில், டீசல், பழைய இன்ஜின் ஆயில்? காலங்காலமாகத் தடவுகிறார்களே.

லாடம் — ஜூன் 4, இரவு 8.50

ஃபினால் வகைகள் சுடும், தோலில் உறிஞ்சப்படும், உள்ளே போனால் நரம்பையும் ஈரலையும் தாக்கும். மரத்து விடுவதால் முதலில் வலி தெரியாது. எரியவில்லை என்று அதிகமாக ஊற்றுவது அதனால்தான். தரை கழுவும் ஃபினாயிலுக்கு லாயத் தரை போதும்.

டீசல் கொழுப்பை உருவிவிடும். குதிமேடு வெடித்து ரத்தம் கசியும்.

ஓடித் தேய்ந்த இன்ஜின் ஆயிலில் உலோகத் துகளும் பாலிசைக்ளிக் ஹைட்ரோகார்பன்களும் இருக்கின்றன. பின்னது தோல் புற்றுநோயோடு தொடர்புடையவை. குதிரை தன் காலை மோந்து நக்கும், அடுத்த கொட்டடிக் குதிரையும் நக்கும். பளபளப்பு வருவது உண்மைதான், பளபளப்புக்கும் குளம்பின் நலத்துக்கும் சம்பந்தமில்லை.

கடிவாளம் — ஜூன் 5, காலை 7.00

மருத்துவர் வந்து பார்த்தார். ஃபார்மலினால் தோல் எரிந்ததுதான் என்றார், களிம்பு தந்தார். ஃப்ராக் பற்றி: ஆழம் இருக்கிறது, ஆனால் கேங்கர் (ஃப்ராக் திசு தாறுமாறாக வளரும் நோய்) இல்லை என்றார். நல்லது. இப்போது வேண்டாம் வேண்டாம் என்று சொன்னவர்கள் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லுங்கள் அண்ணா. வரிசையாக, அளவோடு.

லாடம் — ஜூன் 5, காலை 9.20

வரிசை இதுதான். மருத்துவர் வேறு சொல்லியிருந்தால் அதுவே முதல்.

லாடம் அடிப்பவரை வரச்சொல்லி தொங்கும் ஃப்ராக் துண்டுகளையும் பள்ளத்தை மூடும் மடிப்புகளையும் வெட்டி விடுங்கள். காற்று போக வேண்டும். எந்த மருந்தும் இந்த வெட்டுக்கு ஈடாகாது. ரத்தம் வரும் அளவுக்கு வெட்டக் கூடாது. ரத்தம் வந்துவிட்டால் அன்றைக்கு ரசாயனம் ஏதும் இல்லை, சலைன் (உப்பு நீர்) மட்டும்.

ஹூஃப் பிக்கால் (குளம்பைச் சுத்தம் செய்யும் கொக்கி) குதிகாலிலிருந்து முனை நோக்கி அழுக்கை எடுங்கள். நடுப்பள்ளத்தில் கூர்முனையை அழுத்தாதீர்கள். பழைய பல்துலக்கி நன்றாக வேலை செய்யும்.

0.9 விழுக்காட்டு உப்பு நீரால் கழுவுங்கள்: 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 9 கிராம் உப்பு. ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சில் எடுத்து, முனையைப் பள்ளத்துக்குள் செருகாமல், சாய்வாக வைத்து மெல்லத் தள்ளுங்கள். வேகமாகத் தள்ளினால் அடியில் மோதிய திரவம் அப்படியே திரும்பி முகத்துக்கு அடிக்கும். ரசாயனத்தால் கண் போவதற்கு இந்தத் திரும்பு வீச்சும் ஒரு காரணம். பக்கமும் மூடிய கண்ணாடி போடுங்கள்.

துடையுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஈரத்தின் மேல் மருந்து விட்டால் மருந்து இன்னும் நீர்த்து வழிந்து ஓடும். காஸ் துணியை மடித்துப் பள்ளத்தில் செருகி எடுங்கள், ஈரமில்லாமல் வரும் வரை.

குதிமேட்டிலும் கணுக்கால் மடிப்பிலும் வாசலைன் தடவுங்கள். தோலில் வழிந்தாலும் ஒட்டாது.

0.5 விழுக்காட்டு பொவிடோன் கரைசலை விட்டு ஐந்து நிமிடம் வைத்துத் துடையுங்கள். பிறகு காஸ் பட்டையை உலர்வாக, தளர்வாக வையுங்கள். தினமும் மாற்ற வேண்டும்.

உலர்ந்த தரை. இது மருந்தைவிடப் பெரிது. ஈரமும் சாணமும் இருக்கும் இடத்தில் நின்றால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. படுக்கையைத் தினமும் மாற்றி, ஓரிரு மணி நேரமாவது உலர்ந்த நிலத்தில் நடக்க விடுங்கள். நடக்கும்போது ஃப்ராக் அமுங்கி விரிவதே பள்ளத்தைத் தானாகத் துப்புரவாக்குகிறது.

லாடம் — ஜூன் 5, மாலை 5.40

மேலே காஸ் பற்றி எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. இறுக்கி அடைக்காதீர்கள். நடுப்பள்ளம் ஆழமான குதிரைக்கு, எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் அது ஆப்புபோலப் பிளக்கும். இரண்டு விரலால் இழுத்தால் தடையில்லாமல் வந்துவிட வேண்டும். நாலு அங்குல நூல் வால் ஒன்றை வெளியே விட்டு வையுங்கள், உள்ளே தொலைந்தால் தேட முடியாது.

வைக்கோல்கட்டு — ஜூன் 6, காலை 6.30

மயில்துத்தம் பற்றி யாரும் பேசவில்லையே. பசையாக்கி அடைப்பது நல்லது என்று கேள்விப்பட்டேன்.

லாடம் — ஜூன் 6, காலை 8.15

நல்லதுதான், அளவோடு. மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். கிருமிக்கு ஆகாது, குளம்பை இறுக்கும். ஆனால் தூளை நேரே பள்ளத்தில் கொட்டுவது தவறு. ஈரத்தில் கரைந்து அந்த ஒரு புள்ளியில் கெட்டிக் கரைசலாகி, கோரியம் தெரிந்தால் அதைச் சுடும். களிமண்ணில் கலந்தால் மெதுவாக விடுபடும். புண் திறந்திருக்கும்போது வேண்டாம், மேலே மூடிய பிறகு பாதுகாப்புக்கு வைக்கலாம்.

இன்னொரு குறை லாடத்துக்கு. இரும்பு காப்பர் சல்பேட் கரைசலில் பட்டால் இரும்பு கரைந்து செம்பு அதன் மேல் படியும். ஆணியும் லாடமும் செம்பு நிறமாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆணி மெலியும், பிடி தளரும், துளை பெரிதாகும், அதற்குள் மண் புகும், வெள்ளைக் கோட்டு நோய்க்கு (குளம்புச் சுவரை உள்ளிருந்து அரிக்கும் நோய்) வாசல் திறக்கும். லாடம் போட்ட குதிரைக்கு ஆணித் துளைப் பக்கம் இது போகாதபடி பாருங்கள். தகர வாளியிலும் கலக்காதீர்கள், பிளாஸ்டிக் வாளி எடுங்கள்.

தூள் கண்ணில் பட்டால் கடும் எரிவு, கருவிழியில் புண் வரும். காற்றடிக்கும் நேரத்தில் திறக்க வேண்டாம். அதே இடத்தில் செம்மறி ஆடு மேய்கிறதென்றால் இன்னும் கவனம், செம்மறிக்குச் செம்பு மிகச் சிறிய அளவே விஷம். மிச்சக் கரைசலைக் குளத்திலோ ஓடையிலோ ஊற்றினால் மீன் செத்து மிதக்கும்.

வைக்கோல்கட்டு — ஜூன் 6, காலை 8.40

ஆணி செம்பு நிறமாவதை அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றி.

கடிவாளம் — ஜூன் 8, இரவு 7.30

குளோரின் டை ஆக்சைடு ஊறவைப்பு என்று ஒருவர் சொல்கிறார். பையில் காலைக் கட்டி வாயுவை விடுவதாம். இது பாதுகாப்பா?

மருந்தறை — ஜூன் 8, இரவு 9.10

சோடியம் குளோரைட் கரைசலோடு வினிகர்போல ஓர் அமிலத்தைச் சேர்த்து வாயு உண்டாக்கும் முறை. குளம்புச் சுவருக்குள் பரவியிருக்கும் பூஞ்சைக்கு, அதாவது வெள்ளைக் கோட்டு நோய்க்கு, இதைச் செய்கிறார்கள். வாயு மெல்லிய விரிசலுக்குள் போகும், கரைசல் போகாது, அதுதான் வசதி. மூடியிருக்கும் பையில் வாயு அடர்ந்திருப்பதால் கட்டிய இடத்தில் கசிவு கூடாது, பையை அவிழ்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, திறந்தவெளியில். தொழிலிட எல்லை வெறும் 0.1 பிபிஎம். கணுக்காலுக்கு மேல் பை ஏறினால் தோல் எரியும், ஆகவே மேலே வாசலைன், பை குளம்போடு நிற்க வேண்டும். அதற்கென்று செய்த பொதியில் சொன்ன அளவையும் நேரத்தையும் மீறாதீர்கள். வீட்டு பிளீச்சை வைத்து இதைச் செய்ய முடியாது, வினிகர் சேர்த்தால் வருவது குளோரின். பெயர் ஒத்துப்போவதால் பலர் இங்கேதான் விழுகிறார்கள்.

உங்கள் குதிரைக்கு இது தேவையே இல்லை. த்ரஷ் ஃப்ராக்கில், வெள்ளைக் கோட்டில் அல்ல.

லாடம் — ஜூன் 9, காலை 6.45

பேச்சு வாயுவுக்குப் போனதால் பசையையும் சொல்லிவிடுகிறேன், பலர் ரசாயனம் என்று எண்ணுவதே இல்லை. லாடம் ஒட்டவும் குளம்பு வெடிப்பை நிரப்பவும் பயன்படும் மெத்தில் மெத்தாக்ரிலேட் பசை இறுகும்போது சூடாகும். தடிமனாக அப்பினால் சூடு இன்னும் ஏறும். அடித்தட்டு 10 மி.மீ.க்குக் குறைந்த குதிரைக்கு அந்தச் சூடு உள்ளே தெரியும், காலை இழுக்கும். இரண்டு மெல்லிய அடுக்காகப் பூசுங்கள், முதலாவது ஆறிய பின் இரண்டாவது.

நைட்ரில் கையுறை மற்ற எல்லாவற்றுக்கும் நல்லது, இந்தப் பசைக்கு அல்ல. சில நிமிடத்தில் ஊடுருவிவிடும், உள்ளே சிக்கியது தோலோடு ஒட்டி இருக்கும். இரண்டு கையுறை போட்டு, பட்டவுடனே மேல் கையுறையைக் கழற்றி எறியுங்கள்.

ஒட்டுவதற்கு முன் அசிட்டோனால் துடைப்பார்கள். துடைத்துவிட்டு ஆவி போக விடாமல் அடுத்த நிமிடமே குளம்பை உலர்த்த வாயு விளக்கைப் பற்றவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அசிட்டோன் ஆவி தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தொடும். வைக்கோல் எல்லாம் அருகே. முதலில் விளக்கால் உலர்த்தி, அணைத்து, பிறகு அசிட்டோன்.

கடிவாளம் — ஜூன் 11, காலை 7.10

ஆறு நாளாக அந்த வரிசைப்படி செய்கிறேன். கசிவு நின்றது. கொஞ்சம் நாற்றம் இருக்கிறது. இது பரவாயில்லையா? மிச்சமிருக்கிற ஃபார்மலின் புட்டியை என்ன செய்வது?

லாடம் — ஜூன் 11, காலை 9.00

நாற்றத்தை அளவுகோலாக எடுக்காதீர்கள், ஆழத்தை எடுங்கள். பருத்தி சுற்றிய மொட்டைக் குச்சியை நடுப்பள்ளத்தில் அழுத்தாமல் விட்டு, தொடும் இடத்தைக் குறித்து மி.மீ.யில் எழுதி வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை, ஒரே புள்ளியில். ஒரு செ.மீ.க்கு மேல் உள்ளே போவது நல்ல ஃப்ராக் அல்ல. குறைந்துகொண்டே வந்தால் சரியான பாதை. பத்து நாளில் குறையாவிட்டால், நொண்டினால், தொட்டால் ரத்தம் கசிந்தால், பூக்கோசுபோலத் திசு வெளியே வளர்ந்தால் மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது கேங்கருக்கான அடையாளம். அதை எந்த நீரைக் கொண்டும் தீர்க்க முடியாது, வெட்டி எடுத்துச் சிகிச்சை செய்வார்கள்.

டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று பாருங்கள். பெரிய விலங்குகளில் குதிரைக்கு அந்த நோய் எளிதில் வரும். ஆழமான த்ரஷ் அதற்கு வாசல்.

ஆணி குத்தி ஃப்ராக்கின் நடுப்பகுதியில் துளை விழுந்தால் அது வேறு கதை. ஆணியைப் பிடுங்காதீர்கள், எதையும் ஊற்றாதீர்கள். காலைத் தரையில் ஊன்றாமல் இருக்கும்படி ஆணிக்கு இருபுறமும் கட்டை வைத்துக் கட்டி மருத்துவரை அழையுங்கள். எக்ஸ்ரே எடுத்தால் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும். நாவிகுலர் பையை (குளம்புக்குள் சிறு எலும்பை ஒட்டிய திரவப் பை) தொட்டிருந்தால் மணிக்கணக்கில் நிலைமை மாறும்.

மருந்தறை — ஜூன் 11, காலை 10.25

புட்டி விஷயம். சாக்கடையில் ஊற்றாதீர்கள், மண்ணில் புதைக்காதீர்கள், எரிக்காதீர்கள். மூடியை இறுக்கி, "ஃபார்மலின், 37 விழுக்காடு, விஷம்" என்று தேதியோடு எழுதி ஒட்டி, அபாயக் கழிவு எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். அதுவரை பூட்டிய அலமாரியில், பிளீச், அமிலம், பர்மாங்கனேட் ஏதும் பக்கத்தில் இல்லாமல். குடிக்கும் பாட்டிலில் மாற்றி வைத்திருந்தால் இன்றே பழைய புட்டிக்கு மாற்றுங்கள்.

சிந்திவிட்டால் மணலையோ பூனை மணலையோ போட்டு உறிஞ்ச வைத்து, ஜன்னல் எல்லாம் திறந்து, குதிரையை வெளியே கட்டிவிட்டு அள்ளுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரலால் விரித்துப் பிடித்து ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். கழுவும் நேரத்தில் யாரையாவது ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் எளிதில் வந்தால் மட்டும் எடுங்கள், அதற்காகக் கழுவுவதை நிறுத்தாதீர்கள்.

கடிவாளம் — ஜூன் 15, மாலை 6.00

அளவு: 5ஆம் தேதி 19 மி.மீ., 11இல் 15, இன்று 12. குதிமேட்டுத் தோல் உரிந்து புதுத் தோல் வருகிறது. புட்டியைக் கொடுத்துவிட்டேன். அடுத்த லாட வேலை எப்போது வைக்கலாம்?

லாடம் — ஜூன் 15, மாலை 7.20

வழக்கமான ஆறு வாரத்துக்குக் காத்திருக்காதீர்கள். நாலாவது வாரமே வரச்சொல்லுங்கள். குதிகால் உயர்ந்து இறுகினால் ஃப்ராக் தரையைத் தொடாது, பள்ளம் மறுபடி ஆழமாகும். அதுவரை காஸ் தினமும், மி.மீ. இரண்டு நாளைக்கு ஒரு முறை. 10க்குக் கீழே வந்ததும் பொவிடோனை நிறுத்தி உப்பு நீரும் உலர்ந்த காஸும் மட்டும்.